கியர்பாக்ஸ் போயிருச்சா? ஆட்டோமேட்டிக் எஸ்யூவிகளில் அறிகுறியை வைத்துப் பிழை தேடும் முறை

"கியர்பாக்ஸ் போயிருச்சுங்ணா." கோயம்புத்தூரில் எங்கள் பட்டறைக்கு வரும் ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். பார்த்தால் பேட்டரி செத்திருக்கும், இல்லை பிரேக் லைட் ஸ்விட்ச் போயிருக்கும், இல்லை எலி ஒரு வயரைக் கடித்து வைத்திருக்கும். நிஜமாகவே உள்ளே அடிபட்ட வண்டிகளும் வரும். அவற்றில் பலவும் இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் ஆயில் மாற்றத்தோடு முடிந்திருக்கும். உங்கள் வண்டி என்ன செய்கிறது என்று பார்த்து, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், பர்ஸைக் காலி செய்யும் காரணம் கடைசியில்.

## எதற்கும் முன்னால்

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு வகையில் கோளாறாக இருப்பது இன்னொன்றில் இயல்பு. பிரெஸ்ஸா பெட்ரோலில் வருவது டார்க் கன்வெர்ட்டர், இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கடத்தும் வகை. எலிவேட்டில் சிவிடி, அதாவது தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் வகை. கிரெட்டா, செல்டோஸ் 1.5 பெட்ரோலில் ஐவிடி என்ற பெயரில் வருவதும் சிவிடிதான். வெண்யூ, சோனெட் டர்போ பெட்ரோலில் வருவது உலர் கிளட்ச் டிசிடி, அதாவது ஆயிலில் மூழ்காத இரட்டைக் கிளட்ச் வகை. குஷாக், டைகுன் 1.5-இல் டிஎஸ்ஜி என்று எழுதியிருப்பதும் அதே உலர் கிளட்ச் இனம். நெக்ஸான், பஞ்ச் போன்றவற்றில் ஏஎம்டியும் உண்டு. அது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சை மிதிக்கும் வேலையை மட்டும் ஒரு கருவி செய்கிறது.

அடுத்தது பேட்டரி. மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ராத்திரி நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும், 12.2-க்குக் கீழே என்றால் பலவீனம். ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே விழக்கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. இந்த நான்கு எண்களைச் சரிபார்க்காமல் கியர்பாக்ஸைப் பற்றிப் பேசுபவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

பேட்டரி முனையைக் கழற்றி மாட்டி "ரீசெட்" செய்யும் வைத்தியமும் இப்போது வேண்டாம். பிழைக் குறியீடும், அது எந்த வேகத்தில், எந்த வெப்பத்தில் பதிவானது என்ற விவரமும் அதோடு போய்விடும். பிறகு நாங்கள் இருட்டில் தேட வேண்டியதுதான்.

## லீவர் 'பி'-யிலிருந்து நகரவில்லை

இன்ஜின் ஓடுகிறது, பிரேக்கை மிதித்திருக்கிறீர்கள், லீவர் மட்டும் அசையவில்லை.

மேட்டில் நிறுத்தியிருந்தீர்களா? ஹேண்ட்பிரேக் போடாமல் 'பி' மட்டும் போட்டு இறங்கினால், வண்டியின் மொத்த எடையும் உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கொக்கியில் தொங்கும். ஊட்டியில் காலையில் நிற்கும் வாடகை வண்டிகளில் இதை நிறையப் பார்க்கலாம். ஒருவர் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருக்க, இன்னொருவர் வண்டியை மேட்டுப் பக்கமாக ஒரு தள்ளுத் தள்ளினால் 'டொக்' என்று விடுபடும். இனிமேல் முதலில் பிரேக், பிறகு 'என்', ஹேண்ட்பிரேக், பிரேக்கிலிருந்து காலை எடுத்து வண்டி உட்காரட்டும், கடைசியில் 'பி'.

சமதளத்தில் நிற்கிறதா? பின்பக்கம் சுவரைப் பார்த்து நிற்கும்போது பிரேக்கை மிதியுங்கள். சுவரில் சிவப்பு வெளிச்சம் விழவில்லை என்றால் பிரேக் லைட் ஸ்விட்ச் அல்லது அதன் ஃபியூஸ். பிரேக் மிதித்திருக்கிறீர்கள் என்பதே வண்டிக்குத் தெரியாததால் பூட்டைத் திறக்கவில்லை. சில நூறு ரூபாயில் முடியும் வேலை.

பிரேக் லைட் எரிகிறதா? பிரேக்கை மிதிக்கும்போது லீவர் பக்கத்தில் காதை வையுங்கள். மெல்லிய 'டிக்' கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பூட்டை விடுவிக்கும் சோலினாய்டு என்ற மின்காந்தக் கருவி. புதிதாக மாற்றச் சொல்வதற்கு முன் கன்சோலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வண்டியில் மூன்று நாணயம், ஒரு முறுக்குத் துண்டு, காய்ந்துபோன டீ, இத்தனையும் அந்தச் சோலினாய்டின் மேலேயே இருந்தன. துடைத்துப் போட்டதும் வேலை செய்தது.

அவசரத்துக்கு வண்டியை நகர்த்த வேண்டுமா? லீவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும் (எல்லா வண்டியிலும் இருக்காது, கையேட்டில் போட்டிருக்கும்). ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, மூடியைக் கிளப்பி உள்ளே சாவியாலோ ஸ்க்ரூடிரைவராலோ அழுத்தியபடி லீவரை 'என்'-க்கு இழுக்கலாம்.

## 'டி' போட்டும் வண்டி யோசிக்கிறது

லீவரைப் போட்டு ஒரு நொடிக்குள் கியர் பிடித்துவிட வேண்டும். இரண்டு நொடிக்கு மேல் யோசித்து, பிறகு முதுகில் குத்துவது போலப் பிடித்தால் கவனிக்க வேண்டிய விஷயம்.

காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் அப்படியா? இன்ஜின் ஆர்பிஎம்மைப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜின் கொஞ்ச நேரம் உயர்ந்த ஆர்பிஎம்மில் ஓடும். அப்போது 'டி' போட்டால் குத்தத்தான் செய்யும். அது இறங்கும்வரை அரை நிமிடம் பொறுங்கள்.

எப்போதும் அப்படி என்றால் ஆயில் அளவு. இங்கே ஒரு சிக்கல் உண்டு. இப்போது வரும் பல வண்டிகளில் கியர்பாக்ஸுக்கு டிப்ஸ்டிக்கே இல்லை. லிஃப்டில் மட்டமாக ஏற்றி, இன்ஜின் ஓடும்போது, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கையில் அளவுத் திருகைத் திறந்து பார்க்க வேண்டும். சூட்டை ஸ்கேனரில் பார்க்காமல் கையால் தொட்டுப் பார்த்து அளவு சொல்பவர் குத்துமதிப்பாகத்தான் சொல்கிறார்.

நிறத்தையும் வாசனையையும் நீங்களே பார்க்கலாம். ஒரு வெள்ளை டிஷ்யூவில் இரண்டு சொட்டு விடச் சொல்லுங்கள். டார்க் கன்வெர்ட்டர் ஆயில் புதிதில் சிவப்பு. பழுப்பாக மாறியிருந்தால் மாற்ற வேண்டிய காலம். கறுத்து, கருகின வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் தேய்கின்றன. வெளிறிய ரோஜா நிறத்தில், ஸ்ட்ராபெரி மில்க்ஷேக் போல இருந்தால் கூலன்ட்டோ தண்ணீரோ கலந்திருக்கிறது. அந்த வண்டியை அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம். சிவிடி ஆயில் எல்லாம் சிவப்பாக இருக்காது, அதனால் அதில் நிறத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள், வாடையைப் பாருங்கள்.

"லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்" என்று ஷோரூமில் சொல்லியிருப்பார்கள். கையேட்டில் 'கடினப் பயன்பாடு' என்று ஒரு தனிப் பட்டியல் இருக்கும், அதைத் திறந்து படியுங்கள். ஹூண்டாய் கையேட்டில் 32 டிகிரிக்கு மேல் வெயிலில் பாதிக்கு மேற்பட்ட ஓட்டம் நகர நெரிசலில் என்றாலே கடினப் பயன்பாடு. நம் ஊரில் அதற்குள் வராத வண்டி எது?

## ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

சிவிடி என்றால் முதலில் ஒரு ஆறுதல். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஆர்பிஎம் முன்னால் ஓடி, வேகம் பின்னால் வருவது அதன் சுபாவம். ரப்பரை இழுத்துவிட்டது போல இருக்கும். வாங்கிய நாள் முதல் அப்படித்தான் என்றால் விட்டுவிடுங்கள். சமீபத்தில் ஆரம்பித்தது, ஆர்பிஎம் முள் ஏறி இறங்கி ஆடுகிறது என்றால் கீழே படியுங்கள்.

முதலில் ஆயில். அளவு சரியா என்பதைவிட, சரியான ஆயிலா என்று கேளுங்கள். சிவிடிக்குள் சாதாரண சிவப்பு ஆயிலை ஊற்றுவதுபோலக் கெடுதல் வேறில்லை. உள்ளே இருக்கும் எஃகு பெல்ட் வழுக்காமல் பிடிக்க ஆயிலின் பிடிமானத்தை நம்பியிருக்கிறது. ஹோண்டாவுக்கு ஹெச்சிஎஃப்-2, நிசானின் பல சிவிடிகளுக்கு என்எஸ்-3 என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆயில். நெடுஞ்சாலை ஓரக் கடை ஒன்றில் "எல்லாம் ஒண்ணுதான்" என்று ஊற்றிக்கொண்ட ஒரு வண்டி எங்களிடம் வந்தது. அடுத்தடுத்து இரண்டு முறை வடித்து ஊற்றிய பிறகுதான் உதறல் நின்றது. வண்டிக்காரருக்கு அதிர்ஷ்டம், பெல்ட்டில் கீறல் விழவில்லை. வடித்தால் பழைய ஆயில் முழுவதும் வராது, ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் இரண்டு முறை.

ஏஎம்டியிலும் உலர் டிசிடியிலும் இதே அறிகுறி என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. மேட்டில் நிற்கும்போது பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் இருந்தால், காரணம் அதுதான். சோதனை எளிது. காலியான மேடான சாலையில் 40 வேகத்தில் மேனுவல் நிலையில் மூன்றாவது கியரைப் போட்டு நன்றாக மிதியுங்கள். வேகம் அப்படியே இருக்க ஆர்பிஎம் மட்டும் தாவினால் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை விட்டால் அதற்காக மறுபடியும் கியர்பாக்ஸை இறக்கும் கூலி தண்டம். மாற்றிய பிறகு ஸ்கேனர் போட்டு கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் கொடுத்தால் புதுக் கிளட்ச்சும் ஜெர்க் அடிக்கும்.

டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் ஆயில் கருகியும் இருக்கிறது, வழுக்கவும் செய்கிறது என்றால் இனி நிபுணர் வேலை. அடித்தட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள், இல்லை படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தட்டில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது சாதாரணம், விரலில் தேய்த்தால் விபூதிபோல இருக்கும். வெள்ளிக் காகிதத்தைக் கிழித்துப் போட்டது போலத் துணுக்குகள் இருந்தால் உள்ளே உலோகம் தேய்கிறது, கியர்பாக்ஸைப் பிரித்தே ஆக வேண்டும்.

## சீரான வேகத்தில் உதறல்

50 முதல் 70 வேகத்தில் லேசாக மிதித்துப் போகும்போது, டோல்கேட்டுக்கு முன்னால் போட்டிருக்கும் வரிவரியான மேட்டின் மேல் ஓடுவது போல 'டரரர' என்று ஓரிரு நொடி. அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். இது பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருந்து, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச்.

உறுதிசெய்ய ஒரு வழி. பின்னால் வண்டி எதுவும் வராத சாலையில், உதறும்போது ஆக்சிலரேட்டரை மாற்றாமல் பிரேக்கை லேசாக, பிரேக் லைட் எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். லாக்-அப் விடுபடும். உதறலும் உடனே நின்றால் கன்வெர்ட்டர் பக்கம். நிற்கவில்லை என்றால் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், இன்ஜின் மவுண்ட். பிளக்கை மாற்றினால் போயிருக்கக்கூடிய உதறலுக்கு கன்வெர்ட்டரை இறக்கிய கதைகள் இருக்கின்றன.

கன்வெர்ட்டர் என்று உறுதியானாலும் முதல் மருந்து ஆயில் மாற்றம்தான். சரியான ஆயிலோடு பல வண்டிகள் அதிலேயே சரியாகிவிடும். 500 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, குறையவில்லை என்றால்தான் கன்வெர்ட்டர்.

## நெரிசலில், மலையில் 'சூடு அதிகம்' என்ற எச்சரிக்கை

உலர் கிளட்ச் டிசிடிக்காரர்களுக்கு. காந்திபுரம் சிக்னலில் பொழுதுபோகாமல் அங்குலம் அங்குலமாக வண்டியை நகர்த்துகிறீர்கள். ஒவ்வொரு நகர்வும் அரைக் கிளட்ச். ஆயிலில் மூழ்காத கிளட்ச் என்பதால் சூடு போக வழியில்லை.

எச்சரிக்கை வந்ததும் ஓரமாக நிறுத்தி, 'பி' போட்டு, இன்ஜினை அணைக்காமல் விடுங்கள். ஆறிவிட்டது என்று திரையே சொல்லும். இன்ஜினை அணைத்தால் குளிர்விக்கும் காற்றும் நின்றுபோகும்.

அதன் பிறகு ஓட்டும் முறையை மாற்றிப் பாருங்கள். முன்னால் ஒரு கார் நீளத்துக்கு இடம் விட்டு, இடம் சேர்ந்ததும் ஒரேயடியாக நகருங்கள். நின்றால் பிரேக்கை முழுதாக மிதியுங்கள். அப்போதுதான் கிளட்ச் முழுவதும் விடுபடும். வால்பாறை ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் 'டி'-யிலேயே விட்டால் கியர்பாக்ஸ் மேலும் கீழுமாக அலையும். மேனுவல் நிலையில் இரண்டாம் கியரைப் பிடித்துக்கொள்ளுங்கள். இறங்கும்போதும் அதே கியர், பிரேக்குக்கும் ஓய்வு.

இப்படி ஓட்டியும், வெயில் இல்லாத நேரத்தில், காலியான சாலையில் எச்சரிக்கை வருகிறதா? கிளட்ச் தேய்ந்திருக்கலாம், கியரையும் கிளட்ச்சையும் இயக்கும் மெகட்ரானிக் யூனிட் தகராறு செய்யலாம். இரண்டுமே கம்பெனி ஸ்கேனர் இல்லாமல் தொடக்கூடாதவை. வாரன்ட்டி இருந்தால் எழுத்தில் புகார் பதிந்து ஜாப் கார்டு நகலை வாங்கிக்கொள்ளுங்கள். "செக் செய்தோம், ஒன்றுமில்லை" என்று வாயால் சொல்வது பிறகு உதவாது.

## ஏஎம்டியில் 'என்' மின்னுகிறது, கியர் விழவில்லை

ஹைட்ராலிக் வகை ஏஎம்டியில் டிரைவர் கதவைத் திறந்ததும் முன்பக்கம் 'ட்ர்ர்' என்று ஒரு பம்ப் ஓடி நிற்கும். அந்தச் சத்தம்தான் எங்களுக்கு ஸ்டெதஸ்கோப். கதவைத் திறந்தும் சத்தமே வரவில்லை என்றால் பேட்டரி, பம்ப்பின் ஃபியூஸ், ரிலே என்ற வரிசையில் பாருங்கள். வண்டி நிற்கும்போதுகூட அடிக்கடி ஓடினால் எங்கோ ஆயில் கசிகிறது, இல்லை அழுத்தத்தைச் சேமிக்கும் அக்குமுலேட்டர் தளர்ந்துவிட்டது. ஆயில் டப்பா பேட்டரிப் பக்கமாக இருக்கும். அளவைப் பார்க்கலாம், ஆனால் கையில் கிடைத்த பிரேக் ஆயிலை அதில் ஊற்றாதீர்கள். மின் மோட்டாரே கியர் மாற்றும் வகை ஏஎம்டிகளில் இந்தப் பம்ப் கிடையாது, அதனால் சத்தம் இல்லை என்று பயப்பட வேண்டாம்.

கியர் மாறும்போது தலை முன்னும் பின்னும் ஆடுவது கோளாறு இல்லை. மாறும் தருணத்தில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் பாதி குறையும்.

## ஒரே கியரில் மாட்டிக்கொண்டது

ஹைவேயில் திடீரென்று விளக்கு எரிந்து, வண்டி ஒரே கியரில், பெரும்பாலும் மூன்றில், இழுத்துக்கொண்டு ஓடும். கியர்பாக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் நிலை இது. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். சரியானாலும் நேராக ஸ்கேன் போடும் இடத்துக்குப் போங்கள்.

ஆன்லைனில் கிடைக்கும் மலிவான ப்ளூடூத் ரீடரில் 'பி0700' என்று மட்டும் காட்டும். "கியர்பாக்ஸ் கணினி ஏதோ சொல்ல விரும்புகிறது" என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. அந்தக் கணினியையே படிக்கும் ஸ்கேனர் வேண்டும். பி0562 வந்தால் வோல்டேஜ் குறைவு, பேட்டரிக்குத் திரும்புங்கள். பி0705 லீவர் நிலையைச் சொல்லும் சென்சார். பி0218 சூடு. பி0741 லாக்-அப். பி0730 என்றால் கியர் விகிதம் பொருந்தவில்லை, அதாவது எங்கோ வழுக்குகிறது. இந்த ஒன்றுக்குத்தான் கவலைப்பட வேண்டும்.

சென்சார் குறியீடு எதுவானாலும், சென்சாரை வாங்குவதற்கு முன் டார்ச் அடித்து வயரைப் பாருங்கள். மழைக்காலத்தில் எலிக்கு இன்ஜின் அறையைவிடச் சுகமான வீடு கிடையாது. போன ஐப்பசியில் ஒரு வண்டியின் பேட்டரித் தட்டுக்குக் கீழே தேங்காய் நாரும் துணியுமாகக் கூடே கட்டியிருந்தது. வேக சென்சார் வயரில் செம்பு பளபளத்தது. வேறொரு இடத்தில் அந்த வண்டிக்கு கியர்பாக்ஸ் மாற்ற எஸ்டிமேட் போட்டிருந்தார்கள். வயரை ஒட்டிக் கொடுத்தேன்.

## சத்தங்கள்

'ஆர்'-இலிருந்து 'டி'-க்கு மாற்றினால் 'டொம்': இன்ஜின் மவுண்ட். பானெட்டைத் திறந்து, ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவர் பிரேக்கை நன்றாக மிதித்தபடி மாற்றி மாற்றிப் போடட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், வண்டிக்கு முன்னால் ஒருபோதும் வேண்டாம். இன்ஜின் துள்ளினால் ரப்பர் கிழிந்திருக்கிறது.

ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக் டக்': ஆக்சில் ஜாயின்ட். சக்கரத்தின் உள்பக்கம் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கும்.

வேகத்தோடு ஏறும் ஊளை: லேசாக இடம் வலமாக வளைத்து ஓட்டுங்கள். ஒரு பக்கம் வளைக்கும்போது கூடி, மறுபக்கம் குறைந்தால் வீல் பேரிங். மாறாமல் ஒரே மாதிரி இருந்தால் டயரைப் பாருங்கள், அதன் பிறகுதான் கியர்பாக்ஸ் பேரிங்.

நான்கு சக்கர இழுவை வண்டி, மெதுவாகத் திரும்பும்போது இழுத்துப் பிடித்து உதறுகிறதா? சமீபத்தில் இரண்டு டயர் மட்டும் மாற்றினீர்களா என்பதுதான் என் முதல் கேள்வி, புது டயரும் தேய்ந்த டயரும் ஒரே அளவில் சுற்றாது.

## தரையில் ஆயில்

ராத்திரி ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து அடியில் போடுங்கள். நிறமற்ற தண்ணீர் ஏசியிலிருந்து வருவது. கறுப்பு என்றால் இன்ஜின். சிவப்பும் பிசுபிசுப்பும் என்றால் கியர்பாக்ஸ். வடிகால் திருகின் வாஷர், தட்டு கேஸ்கெட், கூலர் குழாய், ஆக்சில் சீல் என்று இந்த வரிசையில் தேடச் சொல்லுங்கள். ஒரு சொட்டு இரண்டு சொட்டு என்றால் அந்த வாரத்துக்குள் போகலாம். உள்ளங்கை அளவு திட்டு என்றால் ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.

## தண்ணீரில் நின்ற வண்டி

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்ஜினுக்குள் தண்ணீர் போனதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். கியர்பாக்ஸுக்கும் மேலே ஒரு மூச்சுக் குழாய் உண்டு, சூடாக இருக்கும்போது தண்ணீரில் இறங்கினால் அது உள்ளே உறிஞ்சும். தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு மேல் நின்றிருந்தால், வண்டி நன்றாக ஓடினாலும் கியர்பாக்ஸ் ஆயிலைத் திறந்து பாருங்கள். பால் கலந்தது போல இருந்தால் வடித்து ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்ற வேண்டும். அப்படியே ஓட்டினால் தகடுகளின் மேல்பூச்சு உரிந்துவரும், அதற்குப் பிறகு ஆயிலால் ஒன்றும் செய்ய முடியாது.

## வண்டியை எடுத்துப் போகும்போது

இழுவண்டிக்காரர் கயிறு கட்டி இழுக்கிறேன் என்பார், முன்சக்கரத்தை மட்டும் தூக்குகிறேன் என்பார். முன்சக்கர இழுவை ஆட்டோமேட்டிக்கில் முன்சக்கரம் தரையில் உருளக்கூடாது. இன்ஜின் ஓடாதபோது உள்ளே ஆயில் பம்ப்பும் ஓடாது. நான்கு சக்கர இழுவை என்றால் எந்தச் சக்கரமும் உருளக்கூடாது. வண்டியை முழுதாக மேலே ஏற்றிப் போகும் ஃபிளாட்பெட் கேளுங்கள், வர ஒரு மணி நேரம் ஆனாலும் காத்திருங்கள். ஏற்றும்போது கிலோமீட்டர் மீட்டரையும் எரியும் விளக்குகளையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பட்டறையில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.